எட்டாத திருகும் ஏற்ற சாவியும்

கிணற்றில் நீர் நிறைந்திருக்கிறது. மின்சாரம் தடையின்றி வருகிறது. மோட்டாரும் வழக்கம்போலச் சுழல்கிறது. ஆயினும் குழாயில் ஒரு சொட்டு நீரும் வரவில்லை.

சில காலத்துக்கு முன் நாம் சென்றிருந்த ஓர் ஊராட்சியில் இத்தகைய நிலையைக் கண்டோம். மோட்டாரின் சுழற்சியைப் பம்புக்குக் கொண்டு செல்லும் 'கப்ளிங்' தன் இடத்தைவிட்டு நகர்ந்திருந்தது. அதனை இருசோடு பிடித்து நிறுத்தும் சிறு திருகு தளர்ந்து போனதே காரணம். அத்திருகை மீண்டும் முடுக்கக் கால் மணி நேரம் போதும். அதற்குரிய சாவியின் விலையும் அற்பமே. ஆனால் அந்தச் சாவி ஊரில் ஒருவரிடமும் இல்லை. ஒருவர் திருப்புளியைச் செருகி அடித்துப் பார்த்தார். மற்றொருவர் அளவு குறைந்த சாவியில் துணியைச் சுற்றிச் செருகித் திருகினார். திருகின் குழி தேய்ந்து வட்டமாயிற்றே தவிர, திருகு அசையவில்லை. முடிவில் பம்பைக் கழற்றி வண்டியில் ஏற்றி, நகரத்துக் கடைசல் பட்டறைக்கு அனுப்பினார்கள். மூன்று நாட்கள் அவ்வூர்ப் பெண்கள் குடங்களைச் சுமந்து வயற்கிணறுகளுக்கு நடந்தார்கள்.

அதே ஊரில் வேறொரு காட்சி நம்மை இன்னும் அதிகமாகக் கவலையுறச் செய்தது. ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் கழன்று விழுந்த சிறு திருகுக்குப் பதிலாக, தலை உள்ள நீண்ட போல்ட்டு ஒன்றை முடுக்கி வைத்திருந்தார்கள். சுழலும் சக்கரத்தின்மேல் அந்தப் போல்ட்டின் தலை ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. தோளில் துண்டோடு ஒருவர் அதன் அருகே குனிந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். யந்திரத்தை நிறுத்தி, அந்தப் போல்ட்டைக் கழற்றும்வரை நாம் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. எட்டாத இடத்தில் உள்ள திருகையும் அதற்கேற்ற சாவியையும் பற்றி, யந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும், குடிநீர்த் திட்டத்துக்குப் பொறுப்பான ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இத்திருகு தோன்றிய காரணம்

தலைக்குள் ஆறு பட்டைக் குழி உள்ள திருகையும், அக்குழியில் நுழைத்துத் திருப்பும் எல் வடிவச் சாவியையும் நாம் இன்று எங்கும் காண்கிறோம். பட்டறைகளில் இதனை 'ஆலன் கீ' என்பர். முற்காலத்துத் தொழிற்சாலைகளில் நீண்ட இருசு ஒன்று கூரையின் அடியில் சுழல, அதிலிருந்து வார்ப்பட்டைகள் மூலம் யந்திரங்கள் இயங்கின. அந்த இருசில் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தச் சதுரத் தலைத் திருகுகளைப் பயன்படுத்தினர். நீட்டிக்கொண்டிருந்த அத்தலைகளில் தொழிலாளரின் சட்டைக் கையும் ஆடையும் சிக்கி, உயிருக்கும் உறுப்புக்கும் கேடு விளைந்தது. ஆகவே தலையே இல்லாமல், சக்கரத்தின் உடலுக்குள் முழுவதும் அடங்கிவிடும் திருகு வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரைச் சேர்ந்த வில்லியம் ஆலன் என்பவர் அத்தகைய திருகைச் செய்யும் முறைக்கு 1910 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே சாவிக்கும் நிலைத்தது.

இச்சிறு வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும். திருகின் தலையை உள்ளே மறைத்தது அழகுக்காக அன்று. மனிதனின் உயிரைக் காப்பதற்காகவே. அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டைப் போடுபவர், ஒரு நூற்றாண்டுக்கு முன் விலக்கப்பட்ட ஆபத்தைத் தம் தோட்டத்துக்கு மீண்டும் அழைத்து வருகிறார். வேட்டியும் துண்டும் சேலைத் தலைப்பும் உடுத்தும் நமக்கு இவ்வாபத்து சட்டைக்காரருக்கு இருப்பதைவிட அதிகம்.

அளவை அறிதல்

ஏற்ற சாவி என்பது முதலில் ஏற்ற அளவுள்ள சாவியாகும். திருகின் பருமன் வேறு. அதன் குழியின் அளவு வேறு. இரண்டுக்கும் உள்ள தொடர்பை நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு.

தலையில்லாத் திருகுகளுக்கு, திருகின் பருமனில் சரிபாதியே சாவியின் அளவு. 6 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. சாவி, 8 மி.மீ. திருகுக்கு 4, 10 மி.மீ. திருகுக்கு 5, 12 மி.மீ. திருகுக்கு 6. கப்ளிங், புல்லி, விசிறி ஆகியவற்றை இருசோடு பிணைப்பவை பெரும்பாலும் இவ்வகையே.

உருளைத் தலை உள்ள திருகுகளுக்குக் கணக்கு வேறு. 4, 5, 6 மி.மீ. திருகுகளுக்கு ஒன்று குறைத்து முறையே 3, 4, 5 மி.மீ. சாவி வேண்டும். 8, 10, 12 மி.மீ. திருகுகளுக்கு இரண்டு குறைத்து முறையே 6, 8, 10 மி.மீ. சாவி வேண்டும். கவிழ்ந்த கிண்ணம் போன்ற தலையும், தகட்டோடு சமமாக அமரும் தலையும் உள்ளவற்றுக்குக் குழி இன்னும் சிறியது. 6 மி.மீ. திருகுக்கு 4, 8 மி.மீ. திருகுக்கு 5, 10 மி.மீ. திருகுக்கு 6 எனக் கொள்ளலாம்.

அங்குலச் சாவியையும் மில்லிமீட்டர்ச் சாவியையும் கலந்து உபயோகிப்பதே குழிகள் தேய்வதற்குத் தலையாய காரணம். ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு என்பது 4.76 மி.மீ. இச்சாவி 5 மி.மீ. குழியில் எளிதாக நுழையும். பொருந்திவிட்டது போலவும் தோன்றும். ஆனால் கால் மி.மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அந்த இடைவெளியே போதும். பலம் கொடுத்தவுடன் சாவியின் விளிம்புகள் பட்டைகளின் மீது தாங்காமல் மூலைகளைச் சுரண்டிவிடும். நுழைகிறது என்பதை மட்டும் பார்த்தல் போதாது. குழியின் அடிவரை நுழைத்துச் சற்று இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது நமக்குரிய சாவி அன்று. அங்குல வகைச் சாவிகளைத் தனி உறையில் வைத்து, வேறு வண்ணம் பூசிவிடுவது நன்று.

எட்டாத இடங்களும் அவற்றுக்கான சாவிகளும்

திருகு எட்டவில்லை என்று கூறுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தபின், இருசைக் கையால் மெல்லச் சுழற்றுக. கீழ்ப்புறத்தில் மறைந்திருந்த திருகு பல வேளைகளில் தானாக மேலே வந்துவிடும். படுத்துக்கொண்டு பாடுபட்டவர்கள் இதைக் கண்டு வெட்கத்தோடு சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வாறும் எட்டாதபோது, தடை எத்தகையது என்பதைப் பார்த்துச் சாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது, திருகு ஆழத்தில் இருப்பது. மேலே இடம் உண்டு. ஆனால் சுற்றிலும் சுவர் போல இரும்பு இருக்கிறது. இங்கே சாவியின் நீண்ட கையைக் குழியில் இறக்கி, குறுகிய கையைப் பிடியாகக் கொள்க. நீளக் கை கூடுதலாக உள்ள சாவிகளும், மேலே குறுக்குப் பிடி அமைந்த டி வடிவச் சாவிகளும் இதற்கென்றே செய்யப்படுகின்றன.

இரண்டாவது, திருகின் மேல் இடம் குறைந்திருப்பது. புல்லிக்கும் தாங்கியின் கூட்டுக்கும் நடுவே இவ்வாறு அமைவதுண்டு. குறுகிய கையைக் குழியில் செருகி, நீண்ட கையைப் பிடியாகக் கொள்ள வேண்டும். அதற்கும் இடம் போதாவிட்டால், பழைய சாவி ஒன்றின் குறுகிய கையைச் சாணையில் தேய்த்து இன்னும் குறைக்கலாம். தேய்க்கும்போது நொடிக்கு நொடி தண்ணீரில் தோய்த்துக் குளிர்விக்க வேண்டும். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதம் போய்விடும். பிறகு அது ஈயக் கம்பி போல் முறுகும்.

மூன்றாவது, நேராகச் செல்ல வழியின்றிச் சாய்வாகவே நுழைய முடிவது. இதற்கு நுனியில் பந்து போலத் திரண்ட சாவி உதவும். 1960களில் அமெரிக்காவில் தோன்றிய இவ்வகை, சுமார் 25 பாகை வரை சாய்ந்த நிலையிலும் திருகைச் சுழற்றும். ஆனால் பந்துக்குக் கீழே அதன் கழுத்து மெலிந்திருக்கிறது. முதல் தளர்த்தலையும் கடைசி முடுக்கலையும் அதனால் செய்யலாகாது. கழுத்து ஒடிந்து பந்து குழிக்குள் தங்கிவிட்டால், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. சற்றே தளர்ந்த திருகை விரைவாகச் சுழற்றி எடுக்கவும், புதுத் திருகை மரையில் ஏற்றவும் மட்டுமே பந்து நுனி ஏற்றது.

நான்காவது, சாவியைச் சுழற்ற இடமில்லாமை. ஆறு பட்டைக் குழியில் சாவியை எடுத்து மீண்டும் செருக, அதை 60 பாகையாவது திருப்பியிருக்க வேண்டும். அவ்வளவு வீச்சுக்கு இடமில்லாத இடத்தில் எல் சாவி பயன்படாது. அங்கே ராட்செட் பிடியில் ஆறு பட்டை முனையைப் பொருத்தி, சிறு சிறு அசைவாகத் திருப்பலாம். நீட்டிப்புத் தண்டும் சேர்த்தால் ஆழத்திலும் செல்லும்.

ஐந்தாவது, திருகு கண்ணுக்கே தெரியாமை. சிறு கண்ணாடியும் டார்ச்சும் பழைய உபாயங்கள். இப்போது கைப்பேசியை இடுக்கில் நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே குழியின் நிலை தெரிந்துவிடும். கண்ணாடியில் வலம் இடமாகத் தோன்றும் என்பதையும், யந்திரத்தின் பின்புறத்திலிருந்து கையை நுழைக்கும்போது சுழலும் திசை மாறித் தோன்றும் என்பதையும் மறக்கலாகாது. திருகின் முகத்துக்கு நேரே நாம் நிற்பதாக எண்ணிக்கொண்டு, வலஞ்சுழியாகத் திருப்பினால் முடுங்கும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும் என்று கொள்க. இதைத் தவறாகக் கருதித் தளர்த்துவதற்குப் பதில் மேலும் மேலும் முடுக்கித் திருகைக் கெடுத்தவர் பலர்.

உபயோகிக்கும் முறை

வேலையின் முதற்படி சாவியைக் கையில் எடுப்பது அன்று, மின்சாரத்தை நிறுத்துவது. இன்று பல கிணறுகளில் தானாகவே இயங்கும் ஸ்டார்ட்டர்கள் உள்ளன. மின்சாரம் வந்தவுடனோ, வீட்டிலிருந்து கைப்பேசியில் அழைத்தவுடனோ மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். பம்பறையில் ஒருவர் கையை நுழைத்திருப்பது அழைப்பவருக்குத் தெரியாது. ஆகவே மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை செய்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, குழியைச் சுத்தம் செய்க. நம் யந்திரங்களின் குழிகளில் மண்ணும் துருவும் காய்ந்த கிரீசும் வண்ணப்பூச்சும் அடைந்திருக்கும். சாவி பாதி ஆழமே நுழைந்தால் பாதிப் பிடிப்பே கிடைக்கும். கூரிய கம்பியால் சுரண்டி, சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சாவி அடிவரை செல்கிறதா என்று பார்க்க வேண்டும். துரு ஏறிய திருகாயின் துரு நீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, சில மணி நேரம் ஊறவிடுக. அவசரப்படுபவர் மிச்சப்படுத்தும் ஒரு மணி, பின்னர் ஒரு நாளாக வெளியே போகும்.

சாவியை நேராகச் செருகி, ஒரு கையால் மூலையில் அழுத்திப் பிடித்து, மறு கையால் சீராகத் திருப்ப வேண்டும். வெடுக்கென்று இழுத்தல் கூடாது. சாவி நழுவினால் விரல்கள் இரும்பில் மோதும். ஆதலின் கூடியவரை தள்ளுவதைத் தவிர்த்து நம்மை நோக்கி இழுப்பதே நலம்.

சாவியின் கையில் குழாயைச் செருகி நீட்டுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மி.மீ. சாவியின் நீண்ட கை சுமார் 9 செ.மீ. அதன் நுனியில் 10 கிலோ பலம் கொடுத்தால் 90 கிலோ-செ.மீ. திருப்பு விசை உண்டாகிறது. 45 செ.மீ. குழாயைச் செருகி அதே பலத்தைக் கொடுத்தால் 450 கிலோ-செ.மீ. ஆகிவிடுகிறது. கை உணர்வது ஒன்றே. திருகு தாங்குவது ஐந்து மடங்கு. சாவி முறுகும், அல்லது குழி உடையும், அல்லது திருகே முறியும். ஒவ்வோர் அளவுச் சாவிக்கும் அதன் நீளத்தை அந்த அளவுத் திருகின் வலிமையைக் கருதியே வகுத்திருக்கிறார்கள். ஆகவே கைப்பலத்துக்கு அசையாத திருகுக்கு வேண்டியது எண்ணெயும் பொறுமையும், குழாய் அன்று.

மறைவான இடத்தில் புதுத் திருகை ஏற்றும்போது, சாவி நுனியில் சிறிது கெட்டிக் கிரீசைத் தடவினால் திருகு கீழே விழாமல் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளை விரலின் மென்மையான பலத்திலேயே ஏற்ற வேண்டும். அப்போதே தடை தெரிந்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். கழற்றி மீண்டும் தொடங்குக.

கப்ளிங்கைப் பூட்டும்போது, இருசிலும் சக்கரத்திலும் உள்ள பள்ளங்களில் எஃகுக் கட்டை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுழற்சியைத் தாங்குவது அக்கட்டையே. திருகு நகராமல் பிடிப்பதற்கு மட்டுமே. இரண்டு திருகுகள் இருந்தால் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. அதிர்வினால் தளராதிருக்க, மரையைப் பற்றிக்கொள்ளும் திரவப் பசையில், பின்னர் கழற்றக்கூடிய வகையை, ஒரு துளி இடலாம். ஒரு நாள் ஓடிய பின் மீண்டும் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துப் பார்த்தல் அவசியம். காப்புக் கூண்டை அதன் இடத்தில் மாட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கருத வேண்டும். சாவி சக்கரத்தில் செருகியபடியே இருக்க யந்திரத்தை ஓட்டினால், அது அம்பு போலப் பறந்துவிடும். ஆகவே சாவிகளை எண்ணிப் பார்த்த பின்னரே பியூஸ் கட்டைகளைப் பொருத்துக.

தேய்ந்துவிட்டால்

தேய்ந்தது சாவியின் நுனி என்றால் வருந்த வேண்டியதில்லை. நுனியில் இரண்டு மூன்று மி.மீ. அளவைச் சாணையில் நேராகத் தேய்த்து நீக்கினால், உள்ளே உள்ள கூரிய விளிம்புகள் வெளிப்பட்டு, சாவி புதியதாகிவிடும். இங்கும் தண்ணீரில் குளிர்விக்க மறக்கலாகாது.

தேய்ந்தது திருகின் குழி என்றால், குழியைவிடச் சற்றே பெரிய நட்சத்திர முனைக் கருவியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கித் திருப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் நடுவில் துளையிட்டு எடுப்பதே வழி. அப்போது சக்கரத்தின் மரை கெட்டுவிட்டால், 8 மி.மீ. மரையை 10 மி.மீ. மரையாகப் பட்டறையில் புதிதாக வெட்டி, அதற்குரிய தலையில்லாத் திருகையே போட வேண்டும். கிடைத்த போல்ட்டைப் போடுவது எக்காரணத்தாலும் ஏற்கத் தக்கது அன்று. ஒரு முறை தேய்ந்த திருகை மீண்டும் உபயோகிப்பதும் வீண் சிக்கனமே.

பஞ்சாயத்துக்கள் செய்யத் தக்கவை

ஒவ்வொரு ஊராட்சியின் பம்பறையிலும் 1.5 முதல் 10 மி.மீ. வரையுள்ள சாவித் தொகுதி ஒன்று இருத்தல் வேண்டும். நீளக் கையில் பந்து நுனியும் குறுகிய கையில் சாதாரண நுனியும் உள்ள தொகுதியை வாங்கினால் இரு வேலைக்கும் ஆகும். வாங்கும்போது விளிம்புகள் கூராக இருக்கின்றனவா, அளவு பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகுச் சாவிகள் நீடித்து உழைக்கும். குவியலில் கிடைக்கும் மலிவுச் சாவி தான் கெடுவதோடு, திருகையும் கெடுத்துவிடும். யந்திரத்துக்குரிய திருகுகளில் ஒவ்வோர் அளவிலும் நான்கைந்து உபரியாக வைத்திருப்பதும் நன்று.

சாவிகளைப் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் அதன் பின்னால் வண்ணத்தில் வரைந்து வைத்தால், எது காணவில்லை என்பது பார்த்தவுடன் விளங்கும். ஒவ்வொரு யந்திரத்திலும் திருகின் அருகே அதற்குரிய சாவியின் எண்ணை வண்ணத்தால் எழுதிவிடலாம். இருட்டில் அவசரமாக வருபவருக்கு '4' என்ற ஓர் எழுத்து பெரும் துணையாகும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கையாளத் தெரிந்தவர் வேண்டும். தொட்டி இயக்குபவரோடு, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த இளைஞர் ஒருவரும், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். தண்ணீர் நின்றால் முதலில் துன்புறுபவர்கள் பெண்களே. அதைச் சீர்செய்யும் அறிவு அவர்களிடமும் இருப்பது முறையே.

நாம் மேலே குறிப்பிட்ட ஊராட்சியில் இப்போது பம்பறைச் சுவரில் சாவிப் பலகை ஒன்று தொங்குகிறது. தோட்டத்துப் பம்புசெட்டின் நீண்ட போல்ட்டும் போய்விட்டது. அதன் இடத்தில் விரலால் தடவினாலும் தட்டுப்படாத சிறு திருகு அமைந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பம்பறைக்கும் உங்கள் கிணற்றடிக்கும் இவ்வாரமே ஒரு முறை சென்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், சுழலும் பாகங்களில் நீட்டிக்கொண்டிருப்பது ஏதேனும் உண்டா என்று நோக்குங்கள், தளர்ந்த திருகு உண்டா என்று சோதியுங்கள். தண்ணீர் நின்றபின் சாவியைத் தேடி அலைவதைவிட, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் தேடி வைப்பது எளிது.